நில அதிர்வுக் கதிரைத் தொடர எந்த முறை? முதலில் வளைவைக் கேளுங்கள்

தரையில் ஓரிடத்தில் சிறு வெடி வைக்கிறோம். சரியாக 10 கி.மீ. தள்ளி, தரையின் அதிர்வைப் பதிவுசெய்யும் ஜியோஃபோன் ஒன்று காத்திருக்கிறது. தரைமட்டத்தில் பாறைக்குள் அலையின் வேகம் வினாடிக்கு 2 கி.மீ. நேர்க்கோட்டில் வந்தால் 5 வினாடி ஆகும். ஆனால் கீழே போகப் போகப் பாறை இறுகும். ஒவ்வொரு கி.மீ. ஆழத்துக்கும் வேகம் வினாடிக்கு 0.6 கி.மீ. கூடுவதாக வைத்துக்கொள்வோம். அப்போது முதல் அலை 3.98 வினாடியிலேயே வந்துவிடும். அது வந்த பாதை ஒரு வட்டத்தின் வில்: 2.68 கி.மீ. ஆழம் வரை இறங்கி, மறுபடி ஏறி, மொத்தம் 11.8 கி.மீ. தூரம். கிட்டத்தட்ட 2 கி.மீ. கூடுதலாகப் பயணம் செய்தும் ஒரு வினாடி முன்னால் வந்து சேர்கிறது.

இந்தப் பாதையைப் பேனாவும் தாளும் வைத்தே கண்டுபிடித்துவிடலாம். உண்மையான நிலத்தடி இவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை. மடிப்பு, பிளவு, உப்புத் திட்டு, களிப்பாறை என்று எல்லாம் கலந்து கிடக்கும். அங்கே கதிரை, அதாவது அலை போகும் பாதையை, கணினிதான் தொடர வேண்டும். அதற்கு நாலைந்து முறைகள் இருக்கின்றன. எதை எடுப்பது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் நாம் சொல்லிக்கொள்ளும் பதில், ‘கையில் எந்த மென்பொருள் இருக்கிறதோ அது’ என்பதுதான். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். அது தவறு என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். வேக மாதிரிக்கென்று, அதாவது நிலத்தடியில் எங்கே எவ்வளவு வேகம் என்று சொல்லும் படத்துக்கென்று, ஒரு வடிவியல் இருக்கிறது. எந்த முறை எங்கே உடையும் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

எல்லா முறைகளையும் ஒரே மாதிரியின் மேல் வைத்துப் பார்த்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். அதற்கு மார்மூசியை எடுத்துக்கொள்கிறேன். 1988-இல் பிரெஞ்சுப் பெட்ரோலிய நிறுவனம் உருவாக்கிய செயற்கை மாதிரி இது. அங்கோலாவின் குவான்சா படுகையில் உள்ள அமைப்பைப் பார்த்து வரைந்தது. 9.2 கி.மீ. அகலம், 3 கி.மீ. ஆழம். வேகம் வினாடிக்கு 1.5 கி.மீ. முதல் 5.5 கி.மீ. வரை. 240 வெடிப்புகள், ஒவ்வொன்றுக்கும் 96 ஏற்பிகள், அதாவது அலையைப் பதிவுசெய்யும் கருவிகள். நம் துறையில் யார் புது முறை எழுதினாலும் முதலில் இதில்தான் ஓட்டிப் பார்ப்பார்கள்.

பாறைக்கு ஒரு தொலைவளவு

வரைபடத்தில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கிறோம். அதற்குப் பதிலாக வினாடியில் அளந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு சிறு துண்டு நீளத்தையும் அந்த இடத்து வேகத்தால் வகுத்துக்கொண்டால், பாறை முழுவதும் ஒரு புதிய தொலைவளவு கிடைக்கிறது. இதைத்தான் ரீமான் மெட்ரிக் என்கிறோம். வேகம் குறைந்த இடங்கள் இந்த அளவில் நீண்டு போகின்றன, வேகமான இடங்கள் சுருங்குகின்றன. இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறைந்த நேரம் எடுக்கும் பாதை என்று 1662-இல் ஃபெர்மா ஒளிக்குச் சொன்னது, இந்த வடிவியலில் ‘மிகக் குறுகிய கோடு’, அதாவது ஜியோடெசிக். கப்பலும் விமானமும் உருண்டைப் பூமியின் மேல் பிடிக்கிற பெருவட்டப் பாதைக்கு உறவுக்காரன் இது.

தொடக்கத்தில் சொன்ன வட்ட வில்லும் அப்படித்தான். வேகம் ஆழத்தோடு சீராகக் கூடினால், அந்த நிலத்தடி அப்படியே ஓர் அதிபரவளையத் தளம் ஆகிவிடுகிறது. புவான்கரேயின் அரைத்தள மாதிரியில் ‘நேர்க்கோடு’ என்றால் வட்ட வில்தான். கதிர் வளைந்து போவதாக நமக்குத் தெரிகிறது. அதன் உலகத்தில் அது துளியும் திரும்பாமல் நேராகத்தான் போகிறது. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதுவரை, வேகம் மாறும் எல்லையில் கதிர் எவ்வளவு திரும்பும் என்று சொல்லும் ஸ்னெல் விதியை அடுக்கு அடுக்காகப் போட்டுக் கதிரை உடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தளத்தின் வடிவியலைச் சொல்ல ஒரே எண் போதும்: காஸ் வளைவு. இரு பரிமாண மாதிரியில் அதைக் கணக்கிடுவது மிகவும் எளிது. ஒரு புள்ளியில் உள்ள வேகத்தை, அங்குள்ள வேகத்தின் லாப்லாசியனால், அதாவது இரு அச்சுகளிலும் எடுத்த இரண்டாம் வகைக்கெழுக்களின் கூட்டுத்தொகையால், பெருக்குங்கள். அதிலிருந்து வேகச் சரிவின் வர்க்கத்தைக் கழியுங்கள். வருவதுதான் வளைவு. நம் சீரான எடுத்துக்காட்டில் லாப்லாசியன் பூச்சியம், சரிவு 0.6. ஆகவே வளைவு எங்கும் எதிர்க்குறியில் 0.36.

எதிர்க்குறி வளைவு இருந்தால் பக்கத்துப் பக்கத்துக் கதிர்கள் ஒன்றை விட்டு ஒன்று விரைந்து விலகும். நேர்க்குறி வளைவு இருந்தால் அவை குவிந்து, ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். இந்த விலகலையும் குவிதலையும் கணக்கிடும் சமன்பாட்டுக்கு வடிவியலில் யாகோபி சமன்பாடு என்று பெயர். பிராகாவின் செர்வெனியும் அவரோடு பணியாற்றியவர்களும் நில அதிர்வியலில் வளர்த்தெடுத்த ‘இயக்கவழிக் கதிர்த் தொடர்தல்’ இதே விஷயத்தைத்தான் வேறு உடையில் செய்கிறது. ஒரு கதிரோடு சேர்த்து அதன் அண்டைக் கதிர்கள் எவ்வளவு விரிந்தன என்பதையும் தொடர்ந்து வந்தால், அலையின் வீச்சு கிடைத்துவிடும். முறையைத் தேர்ந்தெடுக்கவும் அந்த விரிவுதான் உதவுகிறது.

எய்வதா, வளைப்பதா?

முதல் வழி ஷூட்டிங், எய்து பார்ப்பது. மூலத்திலிருந்து ஒரு கோணத்தில் கதிரை எய்கிறோம், ஜியோடெசிக் சமன்பாட்டைப் படிப்படியாகத் தீர்க்கிறோம், கதிர் எங்கே வெளியே வருகிறது என்று பார்க்கிறோம். ஏற்பியைத் தாண்டிப் போனால் கோணத்தைத் திருத்தி மறுபடி எய்கிறோம். கட்டாந்தரையில் கோலிக்குண்டு உருட்டிக் குழியில் விழவைப்பது போலத்தான்.

இதன் பலம் நேர்மை. ஒவ்வொரு கதிரும் உண்மையான கதிர். முதலில் வருவது, பின்னால் வருவது என்ற பாகுபாடு இல்லை. நேரம், திசை, வீச்சு மூன்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன. பலவீனம் எங்கே என்பதை வளைவு சொல்லிவிடும். நம் எடுத்துக்காட்டில் எய்யும் கோணத்தில் ஒரு சிறு பிழை வைப்போம். 4 வினாடிப் பயணத்துக்குப் பிறகு அந்தப் பிழை, வளைவே இல்லாத பாறையில் இருப்பதைப் போல் 2.3 மடங்கு ஆகியிருக்கும். 8 வினாடியில் 12 மடங்கைத் தாண்டிவிடும். எதிர்க்குறி வளைவு பெரிதாக இருக்கும் மாதிரியில் நீண்ட தூரம் எய்தால், எவ்வளவு நுட்பமாகக் கோணத்தைத் திருத்தினாலும் குறிப்பிட்ட ஏற்பியில் விழவைப்பது பெரும்பாடு. கதிர்களுக்கு நடுவே ஓட்டைகள் விழும், அங்கெல்லாம் நேரமே கிடைக்காது.

இரண்டாவது வழி பெண்டிங், வளைத்துப் பார்ப்பது. இரண்டு முனைகளையும் கட்டிவைத்துவிட்டு, நடுவில் ஒரு ஊகப் பாதையைப் போட்டு, நேரம் குறையும் திசையில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவது. 1977-இல் ஜூலியனும் கபின்ஸும் முப்பரிமாணத்துக்கு இதை முறையாக எழுதினார்கள். 1987-இல் உம், தர்பர் இருவரும் இதன் வேகமான சுருக்க வடிவத்தைக் கொடுத்தார்கள். நிலநடுக்க மையத்தைக் கண்டறிபவர்கள் இன்றும் விரும்பிப் பயன்படுத்துவது அது. முனைகள் கட்டப்பட்டிருப்பதால் எதிர்க்குறி வளைவு இதற்குத் தொல்லையே தராது. வளைவு எங்கும் எதிர்க்குறியாக இருந்து, எல்லையும் ஒழுங்காக இருந்தால், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரே ஒரு ஜியோடெசிக்தான் இருக்கும். எந்த ஊகத்தில் தொடங்கினாலும் அங்கேதான் வந்து சேரும்.

சிக்கல் வருவது நேர்க்குறி வளைவில். பாறைக்குள் வேகம் குறைந்த ஒரு கிடைமட்டப் பட்டை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டையின் நடுக்கோட்டில் வேகம் வினாடிக்கு 2 கி.மீ. அங்கிருந்து விலக விலக வேகம் தூரத்தின் வர்க்கமாகக் கூடி, 500 மீட்டர் மேலேயும் கீழேயும் 2.25 கி.மீ. ஆகிறது. நடுக்கோட்டில் வளைவைக் கணக்கிட்டால் நேர்க்குறியில் 4 வரும். அதன்படி, நடுக்கோட்டில் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பிய அண்டைக் கதிர்கள் 3.14 கி.மீ. தூரத்தில் மறுபடி குவிந்துவிடும். ஆம், பை கிலோமீட்டர்! அந்தக் குவிபுள்ளியைத் தாண்டியதும் நடுக்கோட்டில் போகும் கதிர் குறைந்த நேரப் பாதை என்ற தகுதியை இழந்துவிடுகிறது. வேகமான பாறைக்குள் ஏறி இறங்கி வரும் வேறொரு கதிர் அதை முந்துகிறது. நேரத்தைக் குறைத்துக்கொண்டே போகும் வளைப்பு முறை இந்த நடுக்கதிரைக் கைவிட்டுவிட்டு அடுத்த பள்ளத்துக்கு நழுவிவிடும். எந்தப் பள்ளத்தில் விழும் என்பது தொடக்க ஊகத்தைப் பொறுத்தது.

கட்டத்தில் பரவவிடுவது

மேலே சொன்ன இரண்டும் கதிர் கதிராகப் பார்ப்பவை. நமக்கு வேண்டியது பெரும்பாலும் அட்டவணை. மார்மூசியை 25 மீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் சுமார் 44,000 புள்ளிகள் வரும். பதிவான அலைகளைப் பயண நேரப்படி அவை எதிரொலித்த இடத்தில் சேர்த்து நிலத்தடியைப் படமாக்கும் கிர்க்காஃப் முறைக்கு, மேற்பரப்பில் உள்ள ஒவ்வோர் இடத்திலிருந்தும் இந்த 44,000 புள்ளிகளுக்கும் பயண நேரம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கதிர் தொடர்வது வீண் வேலை.

அதனால் அலைமுகப்பையே கட்டத்தில் பரவவிடுகிறார்கள். ஈக்கோனல் சமன்பாடு சொல்வது இதுதான்: பயண நேரத்தின் சரிவு எந்த இடத்திலும் அங்குள்ள வேகத்தின் தலைகீழிக்குச் சமம். வடிவியல் மொழியில், மூலத்திலிருந்து ஜியோடெசிக் தூரம் எவ்வளவு என்று ஒவ்வொரு புள்ளியிலும் எழுதிவைப்பது. 1988-இல் விடாலே இதைக் கட்ட வேறுபாட்டு முறையில் தீர்த்தார். 1996-இல் சேத்தியன் வேக முன்னேற்ற முறையை, அதாவது ஃபாஸ்ட் மார்ச்சிங்கைக் கொடுத்தார். நெருப்பு புல்வெளியில் பரவுவது போல, மிகக் குறைந்த நேரம் உள்ள புள்ளியை முதலில் உறுதிசெய்து, அதன் அண்டைப் புள்ளிகளுக்கு நகர்வது. எந்த மாதிரியைக் கொடுத்தாலும் நிற்காமல் ஓடும். ஓட்டை விழாது. முதல் வருகையை உறுதியாகக் கொடுக்கும். இந்த உறுதிக்காகவே இதை எனக்கு மிகவும் பிடிக்கும். மூலத்துக்கு மிக அருகில் மட்டும் அலைமுகப்பு கூர்மையாக வளைந்திருப்பதால் பிழை தொடங்கி, அது கடைசி வரை தொற்றிக்கொண்டு போகும். மூலத்தைச் சுற்றிக் கட்டத்தை நுணுக்கிவிட்டால் சரியாகிவிடும்.

இதற்கு ஒரு தம்பி உண்டு: வரைபட முறை. டைக்ஸ்ட்ராவின் 1959 வழிமுறையை அப்படியே பாறைக்குப் பொருத்தி 1991-இல் மோசர் விரிவாக எழுதினார். ஒவ்வொரு புள்ளியையும் அண்டைப் புள்ளிகளோடு கோட்டால் இணைத்து, குறுகிய பாதையைத் தேடுவது. எழுதுவது சுலபம், ஒரு மாலையில் முடித்துவிடலாம். ஆனால் எட்டுத் திசைகளில் மட்டும் இணைத்தால், நடுவில் உள்ள 22.5 பாகைத் திசையில் போகும் கதிர் படிக்கட்டு போட்டுத்தான் போக வேண்டும். நேரம் 8.2 சதவீதம் கூடிவிடும். 3 வினாடிப் பயணத்தில் இது கால் வினாடி. வினாடிக்கு 25 சுழற்சி உள்ள அலையில் ஆறு சுழற்சிகள் தள்ளிப் போய்விடும். படத்தில் எல்லாம் கலங்கித் தெரியும். கட்டத்தை நுணுக்கினால் இந்தப் பிழை தீராது, ஏனென்றால் திசைகள் எட்டாகவே இருக்கும். இணைப்புகளைக் கூட்டினால்தான் தீரும். கட்டத்தில் பரவவிடும் இரண்டில் எதை எடுப்பது என்று கேட்டால், பொதுவாக ஃபாஸ்ட் மார்ச்சிங்கையே சொல்வேன். வரைபட முறை சிறப்பாகப் பொருந்தும் ஓர் இடத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் வருவதா, பலமாக வருவதா?

சரி, ஃபாஸ்ட் மார்ச்சிங் இவ்வளவு நல்லதென்றால் வேறென்ன யோசனை? மார்மூசியே அதற்குப் பதில் சொல்லிவிட்டது. 1993-இல் ஜியோல்த்ரேனும் ப்ராக்கும் ஒரு கேள்வியை நேராகக் கேட்டார்கள்: சிக்கலான அமைப்பை முதல் வருகை நேரத்தை மட்டும் வைத்துப் படமாக்க முடியுமா? மார்மூசியில் முடியவில்லை. அதன் ஆழமான பகுதியில் முதலில் வருவது பெரும்பாலும் மெலிந்த, ஆற்றல் குறைந்த அலை. படத்தை உருவாக்கும் பலமான அலை கொஞ்சம் பின்னால் வருகிறது. முதல் வருகை அட்டவணைக்கு அந்த அலை கண்ணில் படுவதே இல்லை.

கடலுக்குள்ளும் இதே கதைதான். சுமார் ஒரு கி.மீ. ஆழத்தில் ஒலியின் வேகம் மிகக் குறைந்திருக்கும் ஒலி வழித்தடத்தில், நடுக்கோட்டில் போகும் ஒலி கடைசியாகத்தான் வரும், பலமாகவும் வரும். வேகம் குறைந்த நிலக்கரி அடுக்கும் தனக்குள் அலையை இப்படித்தான் பிடித்துவைத்துக்கொள்கிறது.

எங்கே இப்படி நடக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் வளைவு வரைபடம். நேர்க்குறி வளைவு உள்ள இடங்களுக்கு வண்ணம் தீட்டிப் பாருங்கள். ஒரு கதிர் அந்தப் பகுதிக்குள் எவ்வளவு நேரம் இருக்கிறது? பை எண்ணை வளைவின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் நேரத்தை விட அதிகமாக இருந்தால், குவிபுள்ளி உண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட வருகைகளும் உண்டு. குறைவாக இருந்தாலும் கவனமாக இருக்க வேண்டும். ஏற்கெனவே குவியத் தொடங்கிய கதிர்கள் வெளியே வந்த பிறகும் தொடர்ந்து குவிந்து வெட்டிக்கொள்ளலாம்.

இந்த வரைபடத்தை வரைவதில் நானே ஒரு பெரிய தவறு செய்தேன். ஒரு திட்டத்தில் வேக மாதிரியின் கட்டங்களுக்கு நடுவே, நாலு மூலை மதிப்புகளிலிருந்து உள்ளே இருப்பதை ஊகிக்கும் இருநேரிய இடைக்கணிப்பு செய்து, அதன் மேல் வளைவைக் கணக்கிட்டேன். வரைபடம் முழுவதும் எதிர்க்குறி. குவிதலே கிடையாது என்று முடிவுகட்டி, முதல் வருகை முறையை நிம்மதியாக ஓட்டினோம். ஆழமான அடுக்குகள் துண்டு துண்டாகத்தான் தெரிந்தன. மூன்று வாரம் தரவைக் குறைசொல்லிக்கொண்டிருந்த பிறகுதான் உறைத்தது. இருநேரிய இடைக்கணிப்பில் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் லாப்லாசியன் பூச்சியம்தான். ஆகவே பாறை எப்படி இருந்தாலும் கட்டத்துக்குள் வளைவு நேர்க்குறியாக வரவே வராது. நேர்க்குறி வளைவு முழுவதும் கட்டங்களின் ஓரங்களில் ஒளிந்துகொண்டிருந்தது. மாதிரியை முக்கோணங்களாக வெட்டி ஒவ்வொன்றிலும் வேகம் சீராக மாறுவதாகக் கொள்பவர்களுக்கும் இதே பொறிதான். இரண்டாம் வகைக்கெழு வரை தொடர்ச்சியான ஸ்ப்லைன் என்ற மென்மையான சார்பால் மாதிரியை எழுதிய பிறகே வளைவைக் கணக்கிடுங்கள்.

பல வருகைகள் தேவை என்று தெரிந்தால், நான் எடுப்பது அலைமுகப்பு கட்டுமான முறை. நார்வேயில் வின்யேவும் அவருடைய சகாக்களும் 1993-இல் வெளியிட்டது. எய்யும் முறையின் நேர்மையும் பரவவிடும் முறையின் நிறைவும் இதில் ஒன்றாகச் சேர்கின்றன. ஒரு கதிர்க் கூட்டத்தை ஒன்றாக எய்து, அலைமுகப்பை வலைபோல நகர்த்துகிறார்கள். எங்கே அண்டைக் கதிர்கள் அதிகம் விலகிவிட்டனவோ அங்கே நடுவில் புதுக் கதிர் நுழைக்கப்படும். யாகோபி சமன்பாடு பார்த்துச் சொல்லும் விலகலைத்தான் இந்த முறை ஒவ்வொரு படியிலும் பார்த்துக்கொண்டு போகிறது. அலைமுகப்பு மடிந்து தன்னையே வெட்டிக்கொண்டாலும் தொடரும். பலமான வருகை எது என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நிரல் எழுதுவது கடினம், நினைவகமும் அதிகம் கேட்கும். மார்மூசி போன்ற மாதிரியில் அந்த உழைப்புக்குப் பலன் கிடைக்கிறது.

திசைக்குத் திசை மாறும் பாறை

இதுவரை ஒரு புள்ளியில் எந்தத் திசையில் போனாலும் ஒரே வேகம் என்று வைத்திருந்தோம். களிப்பாறை அப்படி நடந்துகொள்ளாது. தட்டுத் தட்டாகப் படிந்ததால் படுக்கைவாக்கில் அலை வேகமாகப் போகும், குறுக்கே மெதுவாகப் போகும். இதை அலட்சியம் செய்தால் என்ன இழப்பு? இந்தத் திசைச் சார்பை அளக்க தாம்சன் 1986-இல் அறிமுகப்படுத்திய டெல்டா என்ற எண் ஒரு களிப்பாறையில் 0.1 என்று வைத்துக்கொள்வோம். மேற்பரப்புத் தரவிலிருந்து கிடைக்கும் வேகம், உண்மையான செங்குத்து வேகத்தை விட 9.5 சதவீதம் அதிகமாக இருக்கும். 2000 மீட்டரில் இருக்கும் அடுக்கு 2190 மீட்டரில் இருப்பதாகப் படத்தில் தெரியும். கிணறு தோண்டுபவருக்கு இது சின்ன வித்தியாசம் கிடையாது.

வடிவியல் பக்கத்திலிருந்து பார்த்தால் இங்கே இரண்டு நிலைகள். வேகம் திசையோடு நீள்வட்டமாக மாறினால் இன்னும் ரீமான் வடிவியல்தான். அதிலும் செங்குத்து வேகத்துக்கும் படுக்கை வேகத்துக்கும் உள்ள விகிதம் எங்கும் மாறாமல் இருந்தால் ஒரு சுலபமான வழி உண்டு. படுக்கை வேகம் செங்குத்து வேகத்தைப் போல் 1.2 மடங்கு என்றால் ஆழ அச்சை 1.2 மடங்கு நீட்டிவிட்டு, படுக்கை வேகத்தைப் போட்டு, பழைய நிரலையே ஓட்டலாம். கடைசியில் ஆழத்தைத் திரும்பச் சுருக்கிக்கொண்டால் போதும். செங்குத்துச் சமச்சீர் கொண்ட அடுக்குப் பாறையில் படுக்கைவாக்கில் அதிரும் குறுக்கலை சரியாக இந்த வகையில் அடங்கும்.

நெட்டலைக்குப் பொதுவாக நீள்வட்டம் போதாது. தாம்சனின் இன்னோர் எண்ணான எப்சிலானும் டெல்டாவும் சமமாக இருந்தால் மட்டுமே நீள்வட்டம். இல்லாவிட்டால் தொலைவளவு திசையை வேறுவிதமாகச் சார்ந்துவிடும். அதற்குப் பெயர் ஃபின்ஸ்லர் வடிவியல். 1854-இல் கோட்டிங்கன் நகரில் ரீமான் நிகழ்த்திய புகழ்பெற்ற உரையிலேயே இதன் விதை இருந்தது. அதே ஊரில் 1918-இல் பால் ஃபின்ஸ்லர் தன் ஆய்வேட்டில் அதை வளர்த்தார். அந்த ஊரில்தான் வீகெர்ட் நில அதிர்வியலை ஒரு பாடமாக நிலைநாட்டினார் என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் நிறைகிறது. ஒரே தெருக்களில் நடந்த இரண்டு கூட்டத்தாரின் வேலை ஒன்றோடொன்று சேர எழுபது எண்பது ஆண்டுகள் ஆகியிருக்கிறது.

இந்தப் பாறையில் கதிர் அலைமுகப்புக்குச் செங்குத்தாகப் போவதில்லை. புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இது. கோணமானியை வைத்து அளந்தால்தான் அது செங்குத்தாகத் தெரியாது. பாறையின் சொந்தத் தொலைவளவில் கதிரும் அலைமுகப்பும் எப்போதும் செங்குத்துதான். அதை மறந்து சாதாரண ஃபாஸ்ட் மார்ச்சிங்கை ஓட்டினால், நேரச் சரிவின் திசையும் கதிரின் திசையும் வேறாக இருப்பதால், எந்த அண்டைப் புள்ளியிலிருந்து தகவல் வருகிறது என்பதையே அது தவறாக எடுத்துக்கொள்ளும். சேத்தியனும் விளாடிமிர்ஸ்கியும் இதற்காகவே, தகவல் வரும் பக்கத்தைச் சரியாகப் பார்த்துக் கணக்கிடும் ‘வரிசைப்படுத்திய எதிர்க்காற்று முறை’யை எழுதினார்கள். துடைப்பம் போட்டுப் பெருக்குவது போல நாலு மூலையிலிருந்தும் மாறிமாறிக் கணக்கிடும் ஃபாஸ்ட் ஸ்வீப்பிங் முறையும் சரிப்பட்டுவரும்.

ஆனால் குறுக்கலைகளில் சில, சீரான பாறையிலேயே அலைமுகப்பு மும்முனையாக மடிந்துவிடும் அளவுக்குத் திசைச் சார்பு கொண்டவை. அப்போது ஃபின்ஸ்லர் தொலைவளவுக்கு அடிப்படையான குவிவுத் தன்மையே போய்விடுகிறது. தூரம் என்று ஒற்றை எண்ணைச் சொல்லவே முடியாது. அங்கே, திசைவாரியாக வேகத்தைத் தரும் கிறிஸ்டோஃபெல் சமன்பாட்டிலிருந்து, கதிரின் நகர்வைத் தீர்மானிக்கும் ஹாமில்டனியன் என்ற சார்பை எடுத்து எய்வது ஒன்றுதான் வழி. நெட்டலைக்கு இந்தப் பயம் வேண்டாம், அதன் பரப்பு எப்போதும் குவிந்தே இருக்கும்.

ஓட்டைகள் உள்ள பாறை

வரைபட முறைக்கு ஓர் இடம் இருக்கிறது என்றேன். கோலார் தங்க வயலை நினைத்துப் பாருங்கள். 3 கி.மீ. ஆழத்தைத் தாண்டிய சுரங்கங்கள். அங்கே இறங்கிய தொழிலாளர்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள். பாறை வெடிப்பு, அதாவது அழுத்தம் தாங்காமல் பாறை தானே திடீரென வெடித்துச் சிதறுவது, அவர்களுடைய அன்றாடப் பயம். 2001-இல் மூடப்படும் வரை அங்கே வெடிப்புகளின் இடத்தைக் கண்டறிய அதிர்வுமானிகள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தன.

இப்படிப்பட்ட கடினப் பாறையில் வேகம் பெரிதாக மாறாது. வளைவு ஏறக்குறைய பூச்சியம், நேர்க்கோடே போதும் என்று தோன்றும். ஆனால் தாது வெட்டியெடுத்த காலி இடங்கள் எங்கும் இருக்கின்றன. வெற்றிடத்தின் வழியே அலை போகாது, அதைச் சுற்றி ஓரத்தை ஒட்டித்தான் வரும். எல்லையுள்ள வெளியில் ஜியோடெசிக் அப்படித்தான் நடந்துகொள்ளும்: பாறைக்குள் நேராக, ஓட்டையின் ஓரத்தில் வளைவாக. எய்யும் முறையில் இந்த ஓரக் கதிரைப் பிடிக்கவே முடியாது. வரைபடத்திலோ, வெற்றிடத்துப் புள்ளிகளை அழித்துவிட்டால் வேலை முடிந்தது. இணைப்புகளைத் தாராளமாகப் போட்டு வைத்தால் இங்கே மோசரின் முறைதான் என் தேர்வு.

எப்போது கதிரையே நம்பலாம்?

முறைகளை ஒப்பிடுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. பயண நேரங்களை மட்டும் வைத்து உள்ளே இருக்கும் வேகத்தை ஒரே விதமாக மீட்டெடுக்க முடியுமா? 1907 வாக்கில் ஹெர்க்ளாட்ஸும் வீகெர்ட்டும் உருண்டைப் பூமிக்கு இதைத் தீர்த்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: மையத்திலிருந்து உள்ள தூரத்தை வேகத்தால் வகுத்தால் வருவது, மேலே வரவரக் கூடிக்கொண்டே போக வேண்டும். வடிவியலில் இதன் பொருள், ஒவ்வோர் ஆழத்திலும் உள்ள கோளப் பரப்பு பயண நேர அளவில் வெளிப்பக்கமாகக் குவிந்திருக்கிறது என்பது. இறங்கிய கதிர் கட்டாயம் திரும்பி மேலே வரும். பூமியின் மேலோட்டுக்குக் கீழே வேகம் வினாடிக்கு 13.7 கி.மீ. வரை ஏறி, வெளிக் கருவத்தின் விளிம்பில் சட்டென 8 கி.மீ. ஆகக் குறைகிறது. அங்கே நிபந்தனை உடைகிறது. நேரடி அலை வந்து சேராத நிழல் மண்டலம் வருகிறது.

ஸ்டெஃபனோவ், உல்மன், வாஸி மூவரும் அண்மைக் காலத்தில் இதே கருத்தை ஒழுங்கற்ற வேகத்துக்கும் விரிவுபடுத்தினார்கள். குவிந்த பரப்புகளால் அடுக்கடுக்காகப் பிரிக்க முடிந்தால் போதும், மேற்பரப்பில் அளந்த நேரங்கள் உள்ளே இருப்பதைத் தீர்மானித்துவிடும். சின்ன அளவில், அலை முறிந்து திரும்புவதை அளக்கும் ரிஃப்ராக்‌ஷன் ஆய்வு செய்பவர்களுக்கு இது ‘மறைந்த அடுக்கு’ என்ற பெயரில் பழக்கமானதுதான். வேகம் குறைந்த அடுக்கு நடுவில் கிடந்தால், முதல் வருகைகளில் அது தென்படவே படாது. எந்த நிரலும் அதைக் கண்டுபிடித்துத் தராது.

ஆகவே மார்மூசிக்கு என் வரிசை இப்படி இருக்கும். மாதிரியை ஸ்ப்லைனால் மென்மையாக்குவேன். ஆழத்தில் 2.5 கி.மீ. வேகமும் 25 சுழற்சியும் என்றால் அலைநீளம் 100 மீட்டர். அதை விடச் சிறிய விவரங்களைக் கதிர் எப்படியும் பார்க்காது. வளைவு வரைபடம் போடுவேன். மேல் பகுதியில் எதிர்க்குறி ஆட்சி செய்யும் இடங்களுக்கு ஃபாஸ்ட் மார்ச்சிங்கை ஓட்டி அதையே நம்புவேன். பிளவுகளுக்குக் கீழே, நேர்க்குறித் திட்டுகளைக் கடந்து வரும் கதிர்களுக்கு அலைமுகப்பு கட்டுமானம், அதில் பலமான வருகை. அப்புறம் மென்மையாக்கும் நீளத்தைக் கூட்டி ஒரு முறை, குறைத்து ஒரு முறை குவிபுள்ளிகளை மறுபடி கணக்கிடுவேன். அவை சில பத்து மீட்டர் நகர்ந்தால் பரவாயில்லை. நூற்றுக்கணக்கான மீட்டர் இடம்பெயர்ந்தால், அந்தப் பகுதியில் கதிர் என்ற கருத்தே தாங்கவில்லை என்று பொருள். அந்தப் பகுதிக்கு மட்டும் முழு அலைச் சமன்பாட்டைக் காலத்தில் பின்னோக்கி ஓட்டும் முறைக்குக் கணினி நேரம் ஒதுக்குவேன்.